யார் அப்பன் வீட்டுச் சுவர்?

“இது என்ன, உன் அப்பன் வீட்டு ரோடா?” நடுச்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கைபேசியில் பேசிக்கொண்டிருப்பவனைப் பார்த்து நம்மவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். சிங்கப்பூரின் சிங்கிலிஷிலும் இதே ஏச்சு உண்டு. அங்கே அப்பனுக்குப் பதில் தாத்தா. 2012இல் நகர மையத்துச் சாலைகள் சிலவற்றில் ‘மை கிராண்ட்ஃபாதர் ரோட்’ என்ற சொற்கள் திடீரென்று தோன்றின. எழுத்து வெட்டிய தகட்டை வைத்துச் சாயம் தெளித்திருந்தார்கள். பாதசாரிகள் சாலையைக் கடக்க அழுத்தும் பொத்தான்களின்மேல் ஒட்டுவில்லைகளும் முளைத்தன. ‘ஷியோக் ஆகும்வரை அழுத்து’ என்றது ஒன்று; ஷியோக் என்றால் பரம சுகம். பச்சை விளக்கு வரும்வரை பொறுக்காமல் பத்துத் தடவை குத்தும் நம் பழக்கத்தைப் பார்த்துச் சிரித்த வாசகம்.

செய்தவர் சமந்தா லோ என்ற இளம் கலைஞர். அந்த ஆண்டு ஜூன் மாதம் கைதானார். ஊடகங்கள் ‘ஸ்டிக்கர் லேடி’ என்று பெயர் சூட்டின. இது குற்றமா, குறும்பா என்று காப்பிக்கடை முதல் நாடாளுமன்ற உறுப்பினர் வரை ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். 2013இல் 240 மணி நேரச் சமூக சேவை தண்டனையாகக் கிடைத்தது. பிரம்படிக்கு வழிசெய்யும் நாசவேலைச் சட்டத்தின்கீழ் அவர்மேல் வழக்கு போகவில்லை.

அந்த வழக்கிலிருந்து எனக்கு நினைவில் தங்கியது தண்டனை அன்று, அந்த வாசகம்தான். பொது இடத்தில் வரைவதைப் பற்றிய எல்லா வாதமும் கடைசியில் அந்த ஏச்சில்தான் வந்து நிற்கிறது. இந்தச் சாலை யாருடையது? இந்தச் சுவர் யாருடையது? சிங்கப்பூரில் தெருக்கலைக்கு என்ன மதிப்பு என்று கேட்டால், நகரத்தை அழகாக்குகிறது, சுற்றுப்பயணிகளை இழுக்கிறது என்று பதில் சொல்வார்கள். இரண்டும் உண்மை. ஆனால் அழகுக்குச் செடி வைத்தால் போதும்; அதில் இந்த ஊர் கெட்டிக்காரத்தனம் காட்டி வெகுநாளாகிறது. சுவரில் ஒரு படம் வந்து உட்காரும்போதுதான் ‘இது யார் சுவர்’ என்று ஊர் பேசத் தொடங்குகிறது. என் கணக்கில் அதன் விலை அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். நாசவேலைச் சட்டம் 1966இல் வந்தது. சுதந்திரம் கிடைத்து ஓராண்டு. சுவர்களில் அரசியல் முழக்கங்கள் எழுதப்பட்ட காலம். வியட்நாம் போரை எதிர்த்து எழுதியவர்களும் உண்டு. சட்டம் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை, அதோடு மூன்று முதல் எட்டு வரை பிரம்படி என்று வகுத்தது. உலகம் இதைக் கவனித்தது 1994இல், மைக்கேல் ஃபே என்ற அமெரிக்க இளைஞனுக்குக் கார்களைப் பாழாக்கியதற்காகப் பிரம்படி விதிக்கப்பட்டபோது. அதிபர் கிளின்டன் தலையிட்டுக் கேட்டுக்கொண்டார். ஆறு அடி நான்காகக் குறைந்தது, ரத்தாகவில்லை. 2010இல் ரயிலில் வரைந்த சுவிஸ்காரர் ஒருவரும் அதே வழியில் போனார்.

அந்தச் சட்டத்துக்குள் ஒரு சின்னச் சலுகை ஒளிந்திருக்கிறது. பென்சில், கிரேயான், சுண்ணக்கட்டி போன்ற அழியக்கூடிய பொருளால் எழுதியவருக்கு முதல் தடவை பிரம்படி கிடையாது. பெயிண்டும் தாரும் வேறு கதை. இதைப் படித்தபோது எனக்கு அரிசிமாவுதான் நினைவுக்கு வந்தது. தினமும் அழியவென்றே போடப்படும் சித்திரத்தை தலைமுறை தலைமுறையாகப் போட்டுவரும் கூட்டத்துக்கு, மை அழியுமா அழியாதா என்று சட்டம் கேட்பதில் ஏதோ ஒரு நியாயம் தெரியத்தான் செய்கிறது.

சட்டத்தின் முக்கியமான சொல் வேறு: உரியவரின் எழுத்துவழி அனுமதி. அதே சுவர், அதே பெயிண்ட், அதே கை. ஒரு தாள் இருந்தால் சுவரோவியம், இல்லாவிட்டால் நாசவேலை. பெர்லினிலோ நியூயார்க்கிலோ இருப்பவர்கள் இதைக் கேட்டு மூக்கைச் சுளிப்பார்கள். அனுமதி வாங்கிய பின் அது என்ன தெருக்கலை என்பார்கள். எனக்கு அந்தத் தூய்மைவாதத்தில் பெரிய பிடிப்பு இல்லை. கோயில் கோபுரத்தை எவரும் திருட்டுத்தனமாக இரவில் ஏறி வரையவில்லை. அனுமதி பெற்றுத்தான் செய்தார்களா என்பதைவிட, கீழே நின்று பார்ப்பவனுக்கு அது என்ன செய்கிறது என்பதே கேள்வி.

இன்றைய சுவரோவிய அலைக்கு ஊற்றுக்கண் பக்கத்து ஊரில் இருக்கிறது. 2012இல் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகரேவிச், நிஜ சைக்கிள் ஒன்றைச் சுவரில் பொருத்தி அதன்மேல் இரண்டு பிள்ளைகளை வரைந்தார். அதன்முன் படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. 2014இல் அவரே இங்கே கம்போங் கிளாம் பக்கம் வந்து வரைந்தார். அந்த வட்டாரத்து ஹாஜி லேன் ஏற்கெனவே வண்ணத்தில் குளித்துக்கொண்டிருந்தது; அங்கே இப்போது சுவரைவிடச் சுவர்முன் நிற்பவர்களின் தலைதான் அதிகம் தெரியும் என்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

2015இல் எவர்ட்டன் ரோட்டில் யிப் யூ சோங் வந்தார். தொழிலால் கணக்காளர். துணி துவைக்கும் ஆமா (வீட்டுப் பணிப்பெண்), முடிதிருத்துபவர், பழைய மளிகைக்கடை என்று தன் இளமைக்காலத்தைச் சுவரில் இறக்கினார். பின்னர் கணக்கு வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓவியராகிவிட்டார். தியோங் பாருவில் பறவைக்கூண்டு தொங்கும் காப்பிக்கடை, சைனாடவுனில் கடிதம் எழுதித் தருபவர், தியன் ஹொக் கெங் கோயிலின் பின்சுவரில் 44 மீட்டர் நீளத்துக்குக் குடியேறிகளின் கதை. அவர் படங்களில் பார்வையாளருக்கு எப்போதும் ஓர் இடம் விட்டிருப்பார்: காலியான முக்காலி, பாதி நீட்டிய கை. போய் நின்றால் நாமும் படத்துக்குள். அதனால்தான் பாட்டிகளும் பேரன்களும் சேர்ந்து வருகிறார்கள். படத்தைப் பேரன் பார்ப்பான், கதையைப் பாட்டி சொல்வார்.

லிட்டில் இந்தியாவுக்கு வண்ணம் வந்ததும் அதே 2010களின் நடுப்பகுதியில்தான். லாசால் கலைக் கல்லூரியும் பயணத்துறைக் கழகமும் சேர்ந்து நடத்திய கலைநடை ஆண்டுதோறும் புதிய சுவர்களைச் சேர்த்தது. என் பெரியம்மா சிராங்கூன் ரோட்டுப் பக்கம் வளர்ந்தவர். அந்த வட்டாரத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றே இன்னும் சொல்வார். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த காலத்துப் பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு அவரைப் பெலிலியஸ் லேனுக்குக் கூட்டிப்போனேன். அங்கே சைஃபூல் என்ற ஓவியர் 2016இல் வரைந்த ‘லிட்டில் இந்தியாவின் பாரம்பரியத் தொழில்கள்’ இருக்கிறது. சலவைக்காரர், பூமாலை கட்டுபவர், கச்சாங் பூத்தே என்னும் கடலை விற்பவர், கிளி ஜோசியர்.

பெரியம்மா முதலில் எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். பொது இடத்தில் தமிழைப் பார்த்தால் பிழை தேடுவது இங்கே எங்கள் எல்லாருக்கும் ரத்தத்தில் ஊறிய பழக்கம். காரணம் இல்லாமல் இல்லை. 2014இல் ஒரு வழிகாட்டிப் பலகையில் லாவ் பா சாட் என்ற உணவங்காடியின் ‘சாட்’டைச் சனிக்கிழமை என்று எடுத்துக்கொண்டதில், அது ‘லாவ் பா சனி’ ஆகியிருந்தது. சாப்பிடப் போகிற இடத்தில் சனி பிடித்தது. இந்தச் சுவரில் குறை சொல்ல எழுத்து கிடைக்காமல், படத்துக்கு வந்தார். கச்சாங் பூத்தே ஆளிடம் நின்றுவிட்டார்.

“தாள்ல கூம்பு மாதிரி சுருட்டித் தருவாங்கல்ல, அது பழைய டெலிபோன் புத்தகத்தாள். கடலைய தின்னுட்டு அந்தத் தாள்ல யார் பேரு இருக்குன்னு படிப்போம். ஒரு தடவை எங்க சார் பேரே வந்துச்சு.”

நாற்பது ஆண்டாகப் பழகியும் இந்தக் கதையை அவர் எனக்குச் சொன்னதில்லை. அந்தச் சுவர் இல்லாவிட்டால் சொல்லியிருக்கவும் மாட்டார்.

தெருப்பெயர்கள் செய்ய வேண்டிய வேலையைத்தான் இந்தப் படங்கள் செய்கின்றன. பெலிலியஸ் என்பவர் கால்நடை வணிகர். பக்கத்துத் தெரு பஃபலோ ரோட். அடுத்தது கெர்பாவ் ரோட். மலாயில் அதுவும் எருமைதான். மாடு கட்டிய ஊர் என்று மூன்று பலகை சொல்கிறது, எவருக்கும் காதில் விழுவதில்லை. சுவரில் மாட்டு வண்டியை வரைந்து வைத்தால் ஐந்து வயதுப் பிள்ளை “ஏன் இங்க மாடு?” என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த தலைமுறை இருக்கும்போதே சுவர் வந்தது நல்லதாயிற்று. இதைச் சுவரில்தான் செய்ய வேண்டும் என்றும் இல்லை. லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் எஸ். சந்திரசேகரன் நாட்டார் சித்திர மரபிலிருந்து எடுத்துச் செய்த ‘கடந்தகால நினைவுகள்’ 2003இலிருந்து பயணிகளோடு பயணிகளாக இருக்கிறது. வடகிழக்குப் பாதையோடு தொடங்கிய ரயில்நிலையக் கலைத் திட்டத்தில் அதுவும் ஒன்று. ஓடிப்போய் ரயில் பிடிப்பவர்கள் அதைக் கவனிப்பதில்லை. அதுவும் ஒருவகைப் பழக்கம்தான். வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை யார் தினமும் உற்றுப் பார்க்கிறார்கள்?

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இந்தச் சுவர்களில் பெரும்பாலும் நேற்றுதான் இருக்கிறது. சலவைக்காரர் போனபின் வரைகிறோம், கிளி ஜோசியர் அருகிப்போனபின் வரைகிறோம். அன்று பெரியம்மாவும் நானும் நின்ற அதே சந்தில், மன்னார்குடியிலிருந்தோ பரமக்குடியிலிருந்தோ வந்த நாலைந்து தம்பிகள் வாரத்தில் கிடைத்த ஒரே விடுமுறையை அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கிளிப் படத்தின் முன் கைபேசியைப் பிடித்து வீட்டுக்கு வீடியோ அழைப்பில் காட்டினார். “நம்ம ஊரு ஜோசியருடி, இங்க செவுத்துல இருக்காரு.” நான் நடந்த சந்துகளில் அந்தத் தம்பியைப் போன்றவர், மஞ்சள் பூட்ஸும் தோளில் பையுமாக லாரிக்குக் காத்திருப்பவர், சுவரில் கண்ணுக்குப் படுவது அபூர்வம். ஐம்பது ஆண்டு கழித்து வரைவார்கள். அப்போது அதற்கும் ‘பாரம்பரியத் தொழில்’ என்று பெயர் வைப்பார்கள்.

போய்ச் சேர்ந்தவர்களை வரைவதில் எல்லாருக்கும் வசதி இருக்கிறது; அவர்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அந்த வசதியும் எப்போதும் கைகொடுக்காது என்று காட்டியது 2024இன் சம்சூய் பெண்.

சவுத் பிரிட்ஜ் ரோடு 297ஆம் எண் கடைவீட்டின் பக்கச் சுவரில், சிங்கப்பூரில் வாழும் அமெரிக்க ஓவியர் ஷான் டன்ஸ்டன் வரைந்த படம் அது. சம்சூய் பெண்கள் சீனாவின் குவாங்டோங் மாநிலத்துச் சான்சூய் பகுதியிலிருந்து வந்து கட்டட வேலை செய்தவர்கள். தலையில் மடித்துக் கட்டிய சிவப்புத் துணிதான் அவர்களின் அடையாளம். நாம் பார்த்துப் பழகிய சம்சூய் பெண் எப்போதும் கிழவி. முதுகு வளைந்து, கூடை சுமந்து, பாராட்டுக்குரியவளாக இருப்பாள். டன்ஸ்டன் வரைந்தவள் இளம்பெண். உட்கார்ந்திருக்கிறாள். கையில் சிகரெட். பார்வையில் பணிவு இல்லை.

பொதுமக்களில் ஒருவர் புகார் எழுதினார்: இவளைப் பார்த்தால் உழைத்துப் பிழைத்தவளாகத் தெரியவில்லை, பாலியல் தொழிலாளியாகத் தெரிகிறாள் என்று. அந்தக் கட்டடம் பாதுகாக்கப்பட்ட வட்டாரத்தில் இருக்கிறது. அங்கே சுவரோவியம் வரைய நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். அது முன்கூட்டி வாங்கப்படவில்லை. சிகரெட்டை அழிக்கும்படி ஆணையம் சொன்னது. புகைபிடிப்பதை ஊக்குவிக்கக்கூடாது என்ற கொள்கை. செய்தி வெளியானதும் ஊர் இரண்டுபட்டது. சம்சூய் பெண்கள் புகைத்தது ஊரறிந்த விஷயம். எங்கள் பாட்டியே புகைத்தார் என்று பேத்திகள் எழுதினார்கள். உழைப்பாளி என்றால் கிழவியாகத்தான் இருக்க வேண்டுமா, அழகாக இருக்கக்கூடாதா என்று இளம்பெண்கள் கேட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடந்துபோகும் வழியில் சிகரெட் எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தார்கள், அதுவும் கேட்கத்தக்க கேள்விதான். ஆணையமும் சுகாதார அமைச்சும் மறுபடி ஆராய்ந்து, படம் அப்படியே இருக்கட்டும் என்று ஜூலையில் முடிவு சொன்னார்கள். அனுமதி வாங்காததற்குக் கட்டட உரிமையாளருக்கு 2,000 வெள்ளி அபராதம். 1966ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கும் அதே தொகை. தற்செயலாக இருக்கலாம், ஆனால் நாசவேலையிலிருந்து சுவரோவியம் வரை எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அந்த ஒரே எண்ணை வைத்து அளந்துகொள்ளலாம்.

சம்சூய் பெண்களைப் பற்றிப் பாடநூலும் உண்டு, சிலையும் உண்டு, அருங்காட்சியகமும் உண்டு. அவையெல்லாம் சேர்ந்தும் கிளப்பாத பேச்சை ஒரு சிகரெட் கிளப்பிவிட்டது. கூடத்துக்குள் தொங்கும் ஓவியத்துக்கு இந்த வாய்ப்பு இல்லை. அங்கே பிடித்தவர்கள்தான் டிக்கெட் எடுத்துப் போவார்கள். தெருச்சுவரைப் பிடிக்காதவரும் தினம் கடந்துபோக வேண்டியிருக்கிறது, அதனால் அவருக்கும் ஒரு வாய் கிடைக்கிறது. புகார் எழுதியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் ‘இது என் ஊர்ச் சுவர்’ என்று நினைத்ததால்தான் எழுதினார். ஆனால் ஒரே ஒரு புகாருக்குத் தூரிகையை எடுக்கச் சொன்ன அவசரம்தான் தப்பு. நல்லவேளை, பின்வாங்கத் தெரிந்தது.

அந்தச் சுவரிலிருந்து கொஞ்சம் நடந்தால் அதே சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில். 1827இல் தொடங்கிய கோயில். தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகள் வந்து, சாரத்தில் மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டு, கோபுரப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி முடித்து, 2023 பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்தது. வெயிலும் மழையும் ஈரமும் இந்த ஊரில் எந்தப் பெயிண்டையும் விட்டுவைப்பதில்லை. கோபுரத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு இருக்கிறது, செலவுக்கு உபயதாரர் இருக்கிறார், மங்கினால் திரும்பத் தீட்டும் முறை இருக்கிறது. சந்துச் சுவரோவியத்துக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. கடை கைமாறினால் சுவரும் வெள்ளையாகலாம். பூஞ்சை ஏறினால் கேட்க ஆள் இருக்காது. வரைவதற்குக் காசு தேடுகிறவர்கள், பத்தாவது ஆண்டில் யார் பார்ப்பார்கள் என்பதற்கும் சேர்த்துத் தேடினால் நல்லது. இல்லையென்றால் அழியட்டும் என்று முடிவு செய்து அழியவிடலாம், அதிலும் தப்பில்லை. பாதி உரிந்த கிளி ஜோசியரைப் பார்க்கத்தான் மனம் ஒப்பாது.

இதுவரை சொன்னதெல்லாம் கடைவீட்டுச் சுவர்கள். ஆனால் சிங்கப்பூரில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் வசிப்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளில். அந்தப் புளோக்குகளின் தாழ்வாரமும் படிக்கட்டும் யாருடையவை? 2017இல் இந்தக் கேள்வியைக் கேட்டவர் பிரியகீதா தியா, லாசாலில் கலை படித்துக்கொண்டிருந்த தமிழ்ப் பெண். ஜாலான் ராஜா 103ஆம் புளோக்கில், தான் வசித்த இடத்திலேயே, இருபதாம் மாடிப் படிக்கட்டைத் தங்க நிறத் தாளால் மூடினார். சிமெண்ட் படி, குழல் விளக்கு, அதன்கீழ் பளபளவென்று பொன். கிறுக்கல் எதுவும் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. பார்த்தவர்களில் மெச்சியவர்கள் பலர். நகர மன்றமோ விதிப்படி இதற்கு இடமில்லை என்றது. அவரே பிறகு அதை அகற்றினார். அடுத்த ஆண்டு கொடிகளைப் பொன்னிறத்தில் செய்து மாடியில் கட்டினார், அவையும் இறங்கின. இன்று அவர் படைப்புகள் வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குப் போகின்றன. கொச்சி பியன்னாலே வரை போயிருக்கின்றன. அந்தப் படிக்கட்டு பழையபடி சாம்பல்நிறம்.

நகர மன்றத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. தீப்பிடித்தால் ஓடும் வழி அது. வழுக்கினால் பொறுப்பு யாருக்கு? ஒருவர் பொன் ஒட்டலாம் என்றால் அடுத்தவர் விளம்பரம் ஒட்டுவார். எல்லாம் சரி. ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறை கூட்டிக் கழுவும் படிக்கட்டை ஒரு பெண் தன் வீட்டுப் பகுதியாக நினைத்து அலங்கரித்ததில், நம் வீட்டுப் பெண்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது ஏதோ ஒன்று இருக்கிறது.

பெரியம்மா பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் தன் தாழ்வாரத்தில் கோலம் போடுவார். பத்து மாடிக்கு மேல், வாசல் என்பது அடுத்த வீட்டுக்காரரும் நடக்கும் வழி. அதனால் கோலத்தின் ஒரு பக்கம் எப்போதும் நறுக்கிவிட்டதுபோல் இருக்கும். ஓர் ஆள் நடக்கிற அகலத்தைப் புள்ளி வைக்கும்போதே கணக்குப் பண்ணி ஒதுக்கிவிடுவார். எதிர்வீட்டுச் சீன மூதாட்டி முதலில் சிலகாலம் அந்த ஒதுக்கிய வழியே சுவரோரமாகப் போய்வந்தார். போன பொங்கலன்று காலையில் நான் போனபோது அவர் தன் வீட்டுக் கதவுப்பக்கம் ஒரு சின்ன முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பெரியம்மா இழை இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் பொதுவாக இருப்பது பத்துப் பதினைந்து மலாய்ச் சொற்கள்தான். கோலத்தின் நறுக்கிய பக்கத்தைக் காட்டி மூதாட்டி ஏதோ சொன்னார். பெரியம்மா மாவுக் கையோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“அந்தப் பக்கமும் போட்டுடுன்னு சொல்லுது. நான் சுத்திப் போய்க்கிறேன்னு.”